ஒதெல்லோ ஏன் காசியோவைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை?

கேள்வி இது: "ஒதெல்லோ நாடகத்தை இப்போதுதான் முதல்முறையாகப் படித்து முடித்தேன். பரிதாபத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. எத்தனையோ போர்களைக் கண்ட ஒரு தளபதி, காசியோவை ஒரே ஒரு தடவை கூப்பிட்டு 'இந்தக் கைக்குட்டை உன்னிடம் எப்படி வந்தது?' என்று கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்குமே! அவன் முட்டாளா, இல்லை பிறவியிலேயே சந்தேகப் பேர்வழியா? இயாகோவுக்குத்தான் அவன்மேல் அப்படி என்ன பகை?"

உங்கள் எரிச்சல் நியாயமானது, பழையதும்கூட. தாமஸ் ரைமர் என்ற ஆங்கில விமர்சகர் 1693லேயே இப்படித்தான் எரிந்து விழுந்தார். ஒரு கைக்குட்டைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, பேசாமல் 'கைக்குட்டையின் துன்பியல்' என்றே இதற்குப் பெயர் வைத்திருக்கலாமே என்று கேட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் சொல்கிற அதே கேள்வியை ஒதெல்லோ கேட்கத்தான் செய்கிறான். கடைசிக் காட்சியில், டெஸ்டிமோனா கட்டிலில் பிணமாகக் கிடக்கும்போது, "என் மனைவியின் கைக்குட்டை உனக்கு எப்படிக் கிடைத்தது?" என்று காசியோவிடம் கேட்கிறான். "என் அறையில் கிடந்தது" என்று பதில் வருகிறது. ஒரே ஒரு வரி. இந்த ஓட்டை ஷேக்ஸ்பியர் கண்ணில் படாமல் போகவில்லை. கேட்டால் ஒரு வரியில் பதில் கிடைக்கும் என்று தெரிந்தே, கேள்வியைக் கடைசிவரை தள்ளி வைத்திருக்கிறார். அந்தக் கேள்வி ஒதெல்லோவின் வாயில் வராதபடி இயாகோ என்ன செய்தான்? நாடகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒதெல்லோ ஒரு மூர், அதாவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கறுப்பர். வெனிஸ் குடியரசின் படைத்தளபதி. வெனிஸின் செனட்டர் ஒருவருடைய மகள் டெஸ்டிமோனா, அப்பாவுக்குத் தெரியாமல் அவனை மணந்துகொள்கிறாள். துணைத்தளபதி பதவியை ஒதெல்லோ காசியோவுக்குக் கொடுக்கிறான். அதை எதிர்பார்த்திருந்த இயாகோ, கொடி தாங்கும் அதிகாரியாகவே நின்றுவிடுகிறான். துருக்கியர் படையெடுப்பைத் தடுக்க எல்லோரும் சைப்ரஸ் தீவுக்குப் போகிறார்கள். துருக்கியக் கப்பல்களைப் புயலே அழித்துவிடுகிறது. போருக்கு வந்த வீரனுக்குப் போர் இல்லை. அந்த இடத்தில் இயாகோ தன் வேலையைத் தொடங்குகிறான். டெஸ்டிமோனாவின் கைக்குட்டை காசியோ கையில் சிக்கும்படி செய்து, இருவருக்கும் தொடர்பு என்று ஒதெல்லோவை நம்ப வைக்கிறான். ஒதெல்லோ மனைவியைக் கொன்றுவிட்டு, உண்மை தெரிந்ததும் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான்.

நம்மில் பலருக்கு ஒதெல்லோ என்றதும், 1963இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் ஆங்கில வசனத்திலேயே நடித்த காட்சி நினைவுக்கு வரும். நாடகத்தைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு அந்தப் படுக்கையறைக்குத்தான் போய் நிற்கும். என்னைக் கேட்டால் டெஸ்டிமோனா செத்தது அங்கே இல்லை. 3ஆம் அங்கம், 3ஆம் காட்சியில். அந்தக் காட்சி தொடங்கும்போது ஒதெல்லோ, "உன்னை நான் நேசிக்காத நாள் வந்தால் உலகமே பழையபடி குழம்பிப் போகும்" என்று மனைவியைப் பார்த்து உருகுகிறான். அதே காட்சி முடியும்போது, மண்டியிட்டுப் பழிவாங்கச் சபதம் எடுக்கிறான். நடுவில் இருப்பது ஐந்நூறு வரிகூடக் கிடையாது. வகுப்பில் இந்தக் காட்சியை இரண்டு மாணவர்களை வைத்து உரக்க வாசிக்கச் சொல்வேன். முதல் பத்து நிமிடத்தில் யாருக்கும் ஒன்றும் பிடிபடாது. "இயாகோ இன்னும் எதுவுமே சொல்லவில்லையே சார்" என்பார்கள். ஆமாம். அதைத்தான் அவர்கள் கவனிக்க வேண்டும் என்று நான் காத்திருப்பேன்.

காட்சி இப்படிப் போகிறது. டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுக் காசியோ விலகிப் போகிறான். அதைப் பார்த்து இயாகோ, "ம்... இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று முணுமுணுக்கிறான். "என்ன சொன்னாய்?" என்கிறான் ஒதெல்லோ. "ஒன்றுமில்லை பிரபு." கொஞ்ச நேரம் கழித்து, "நீங்கள் காதலித்த நாளில் காசியோவுக்கு அது தெரியுமா?" என்று சும்மா கேட்கிறான். "தொடக்கத்திலிருந்தே தெரியும். ஏன் கேட்கிறாய்?" "என் மனதில் இருந்த ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளத்தான்." "என்ன அது?" "அவனுக்கு அம்மாவைப் பழக்கம் இருக்கும் என்று நினைக்கவில்லை." "எங்கள் இருவருக்கும் நடுவில் அவன்தானே அடிக்கடி தூது போவான்!" "அப்படியா!"

அந்த 'அப்படியா'வில்தான் ஒதெல்லோ விழுகிறான். "ஏன், அவன் யோக்கியன் இல்லையா?" "யோக்கியனா, பிரபு?" "ஆமாம், யோக்கியன்." "எனக்குத் தெரிந்தவரை..." "நீ என்ன நினைக்கிறாய்?" "நினைப்பதா, பிரபு?" ஒதெல்லோவுக்குப் பொறுமை போய்விடுகிறது. நான் சொல்வதையே எதிரொலிக்கிறாயே, வெளியே காட்ட முடியாத பூதம் ஒன்று உன் மனதுக்குள் ஒளிந்திருப்பதைப் போல, என்று கத்துகிறான்.

இதில் இயாகோ சொன்ன பொய் எது? தேடிப் பாருங்கள், ஒன்றும் அகப்படாது. நம் ஊரில் 'போட்டு வாங்குவது' என்று சொல்வோம். ஒன்றைப் போட்டு எதிராளி வாயிலிருந்து விஷயத்தைப் பிடுங்குவது. இயாகோ அதையே தலைகீழாகச் செய்கிறான். தன் வாயை எதிராளி பிடுங்கும்படி ஏற்பாடு செய்கிறான். தானாக வந்து கோள் சொல்பவனிடம் நமக்கு ஒரு எச்சரிக்கை இருக்கும்: இவனுக்கு இதில் என்ன ஆதாயம் என்று மனம் ஒரு நொடி கேட்கும். வற்புறுத்தி, கெஞ்சி, அதட்டி நாமே பிடுங்கிய விஷயத்தில் அந்த எச்சரிக்கை வேலை செய்யாது. நாம் கஷ்டப்பட்டுத் தோண்டி எடுத்தது என்பதாலேயே அது உண்மை என்று தோன்றிவிடும்.

கம்பனின் கூனியை இதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மந்தரை நேராக வந்து கூவுகிறாள். உனக்குக் கேடு வந்துவிட்டது, எழுந்திரு என்கிறாள். இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டதும் கைகேயி மகிழ்ந்து மாலையைப் பரிசாகக் கொடுக்கிறாள், அப்புறம் கோபித்துக் கடிந்தும் கொள்கிறாள். மந்தரை அத்தனையையும் வாங்கிக்கொண்டு, திரும்பத் திரும்ப முட்டித்தான் கதவைத் திறக்கிறாள். இயாகோ கதவை முட்டுவதே இல்லை. வாசலில் தயங்கி நிற்கிறான். உள்ளே இருப்பவன் ஓடிவந்து திறந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான்.

இந்தத் தயக்க நடிப்பை அவன் முன்பே ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டான். 2ஆம் அங்கத்தில் காசியோவுக்குக் குடிக்க ஊற்றிக்கொடுத்து, ரொடரிகோ என்ற ஏமாளியை வைத்து அடிதடியையும் கிளப்பிவிடுகிறான். ஒதெல்லோ வந்து யார் காரணம் என்று அதட்டும்போது, "காசியோவுக்குத் தீங்கு வரும்படி பேசுவதைவிட என் நாக்கை அறுத்துக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டு, காசியோவின் தவறு முழுவதையும் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறான். ஒதெல்லோ என்ன சொல்கிறான் தெரியுமா? "நண்பன் என்பதால் நீ விஷயத்தைக் குறைத்துச் சொல்கிறாய் இயாகோ, எனக்குத் தெரியும்." காசியோவின் பதவி அந்த இடத்திலேயே போகிறது. இயாகோ தயங்கினால் அவன் சொன்னதைவிடப் பெரிய உண்மை உள்ளே இருக்கிறது என்று ஒதெல்லோவின் மனதில் அன்றே பதிந்துவிட்டது. மறுநாள் அதே பழக்கம் அவனைக் கொல்கிறது.

அதோடு விடவில்லை. பதவி இழந்து அழும் காசியோவிடம் போய், "டெஸ்டிமோனாவிடம் கேள், அவள் நல்லவள், உனக்காகப் பேசுவாள்" என்று யோசனை சொல்கிறான். சொல்லிவிட்டு நம் பக்கம் திரும்புகிறான்: இதில் என்ன தப்பு, நல்ல யோசனைதானே என்று கேட்கிறான். உண்மையிலேயே அது நல்ல யோசனைதான், அதுதான் பயங்கரம். அவளுடைய நல்ல குணத்தையே நூலாக முறுக்கி எல்லோரையும் பிடிக்கும் வலை பின்னுவேன் என்கிறான். நாடகம் முழுவதையும் திறக்கும் சாவியாக நான் நினைப்பது அந்த வரியைத்தான். இயாகோவின் கையில் சொந்தச் சரக்கு மிகக் குறைவு. டெஸ்டிமோனாவின் இரக்கம், காசியோவின் மரியாதை, ஒதெல்லோவின் நம்பிக்கை, தன் மனைவி எமிலியாவின் கீழ்ப்படிதல் எல்லாம் அடுத்தவர்களுடையவை.

அந்த வலை எப்படி இறுகுகிறது பாருங்கள். 3ஆம் அங்கக் காட்சியில் விடைபெற்றுப் போன இயாகோ, ஏதோ மறந்ததுபோலத் திரும்பி வந்து ஒரு வேண்டுகோள் வைக்கிறான். "காசியோவுக்குப் பதவியை உடனே திருப்பிக் கொடுக்காதீர்கள். அம்மா அவனுக்காக எவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்." அவள் வற்புறுத்துவாள் என்பது அவனுக்குத் தெரியும். வற்புறுத்தச் சொல்லிக் காசியோவை அனுப்பியதே அவன்தானே! அவளோ, உனக்காக வாதாடுவதை விடமாட்டேன், செத்தாலும் சரி என்று காசியோவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அந்த நிமிடத்திலிருந்து டெஸ்டிமோனா வாயைத் திறந்து காசியோவின் பெயரைச் சொன்னாலே அது சாட்சி. நல்ல மனதோடு எவ்வளவு அதிகம் பேசுகிறாளோ அவ்வளவு அதிகமாகச் சிக்குகிறாள்.

சரி, ஒதெல்லோ பிறவியிலேயே சந்தேகப் பேர்வழியா என்று கேட்டீர்கள். விமர்சகர்களே இதில் இரண்டு பட்டவர்கள். ஏ. சி. பிராட்லி 1904இல் வெளியான தன் நூலில், ஒதெல்லோ இயல்பில் பொறாமை இல்லாதவன், இயாகோவின் சூழ்ச்சிக்கு முன் யாரும் தப்பியிருக்க முடியாது என்றார். எஃப். ஆர். லீவிஸ் 1937இல் அதை மறுத்தார். இயாகோ கொஞ்சம்தான் தள்ளினான், ஒதெல்லோ சரசரவென்று சரிந்துவிட்டான், உண்மையான துரோகி கோட்டைக்குள்ளேயே இருந்தான் என்பது அவர் கட்சி.

எனக்கு இருவரும் பாதிச் சரி என்று படுகிறது. லீவிஸ் சொல்வதுபோல உள்ளே ஒரு ஆள் இருந்தான். ஆனால் அந்த ஆளின் பெயர் பொறாமை என்று நான் நினைக்கவில்லை. அதற்கும் அந்தக் காட்சியிலேயே ஆதாரம் இருக்கிறது. "என் மனைவி அழகி, விருந்தாளிகளோடு கலகலப்பாகப் பேசுவாள், பாடுவாள், ஆடுவாள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறாமை வராது. என்னைக் கண் திறந்து பார்த்துத்தானே தேர்ந்தெடுத்தாள்" என்கிறான் ஒதெல்லோ. இதைச் சொல்லும்போது அவன் உறுதியாகத்தான் இருக்கிறான். அடுத்து இயாகோ இரண்டு ஊசி ஏற்றுகிறான். முதலாவது: "எங்கள் வெனிஸ் பெண்களை எனக்குத் தெரியும். கணவனுக்குக் காட்டத் துணியாததைக் கடவுளுக்குக் காட்டுவார்கள்." ஒதெல்லோ திகைத்துப்போய், "அப்படியா சொல்கிறாய்?" என்கிறான். இந்த ஊர்க்காரனாக இருந்தால் 'உளறாதே' என்று சொல்லியிருப்பான். வெளியூர்க்காரனால் சொல்ல முடியவில்லை. அந்த ஊர்ப் பெண்களைப் பற்றி அந்த ஊர்க்காரன் சொன்னால் அவன் எதை வைத்து மறுப்பான்? இரண்டாவது ஊசி: "உங்களை மணப்பதற்காக அவள் அப்பாவையே ஏமாற்றியவள்." இதுவும் பொய் இல்லை. மகளைப் பறிகொடுத்த அப்பா, வெனிஸில் எல்லோர் முன்னிலையிலும் ஒதெல்லோவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனதும் இதையேதான்: "அப்பனை ஏமாற்றியவள், உன்னையும் ஏமாற்றுவாள்." அப்போது ஒதெல்லோ, "அவள் கற்புக்கு என் உயிரே பிணை" என்றான். அடுத்த மூச்சிலேயே அவளைச் சைப்ரஸுக்கு அழைத்துவரும் பொறுப்பை 'யோக்கியன் இயாகோ'விடம் ஒப்படைத்தான்.

இப்போது வருகிறது நான் பல தடவை படித்தும் ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைக்கும் இடம். இயாகோ பின்வாங்குவதுபோலப் பேசிக்கொண்டிருக்கிறான். ஒதெல்லோ, "டெஸ்டிமோனா யோக்கியமானவள் என்றுதான் நினைக்கிறேன்" என்கிறான். கொஞ்சம் இடைவெளி. பிறகு அவனாகவே, யாரும் கேட்காமல், "ஆனாலும், இயற்கை தன் வழியிலிருந்து பிசகி..." என்று இழுக்கிறான். வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. இயாகோ பாய்ந்து பிடித்துக்கொள்கிறான்: "அதுதான் விஷயம்!" தன் நாட்டான், தன் நிறத்தான், தன் தகுதிக்கு ஏற்றவன் என்று எத்தனையோ வரன் வந்தும் வேண்டாம் என்றவள் அவள், அது இயல்பான ஆசையா என்று கேட்கிறான். கறுப்பனை ஒரு வெனிஸ் பெண் விரும்புவது இயற்கைக்கு மாறானது என்ற எண்ணம், முதலில் ஒதெல்லோவின் வாயிலிருந்துதான் வருகிறது. வெனிஸ் அவனுக்குக் கொடுத்த பட்டங்களோடு சேர்த்து இதையும் கொடுத்திருக்கிறது. விருந்துக்கு அழைத்துப் போர்க்கதை கேட்ட அதே செனட்டர், மகள் அவனை மணந்தது தெரிந்ததும், சூனியம் வைத்து மயக்கிவிட்டான் என்று வழக்குப் போட்டவர்தானே. அன்று சபையில் ஒதெல்லோ கம்பீரமாகப் பதில் சொன்னான். பழி மட்டும் உள்ளே தங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் தனியாக நின்று, "ஒருவேளை நான் கறுப்பன் என்பதாலோ, எனக்கு நயமாகப் பேசத் தெரியாததாலோ, வயது சரிந்துகொண்டிருப்பதாலோ..." என்று எண்ணிக்கொள்கிறான். கோட்டைக்குள் இருந்த ஆள் இவன்தான்: அவள் தன்னை உண்மையாகவே விரும்பியிருக்க முடியுமா என்று நம்பாமல் இருந்தவன்.

அதனால்தான் 1943இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் கறுப்பின நடிகர் பால் ராப்சன் இந்த வேடத்தை ஏற்றபோது அது அவ்வளவு பெரிய விஷயமாயிற்று. கறுப்பு மை பூசிய வெள்ளை நடிகர்களே பெரும்பாலும் நடித்துவந்த வேடம் அது. அந்தத் தயாரிப்பு 296 தடவை நடந்தது. "நான் கறுப்பன் என்பதாலோ" என்ற வரியை அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பர் வாயிலிருந்து கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வரலாம். ஏன் காசியோவைக் கேட்கவில்லை? ஒதெல்லோ முதலில் சரியாகத்தான் சொல்கிறான்: கண்ணால் பார்க்காமல் சந்தேகிக்க மாட்டேன், சந்தேகித்தால் நிரூபிப்பேன். பிறகு இயாகோவின் கழுத்தைப் பிடிக்காத குறையாக, "கண்ணால் பார்க்கும் சாட்சி கொடு" என்று உறுமுகிறான். இங்கே இயாகோ நூலிழையில் தப்புகிறான். அவன் என்ன செய்கிறான் என்றால், முதலில் கோபித்துக்கொள்கிறான். நேர்மையாக இருந்ததற்கு இதுதான் கூலியா, இனி யாருக்கும் நண்பனாக இருக்க மாட்டேன் என்று கிளம்பப் பார்க்கிறான். "நில், நீ யோக்கியனாகத்தான் இருக்க வேண்டும்" என்று ஒதெல்லோவே தடுக்கிறான். அப்புறம், "எப்படிப்பட்ட சாட்சி வேண்டும்? இருவரும் சேர்ந்திருப்பதை நின்று பார்க்க வேண்டுமா?" என்று கேட்டு, அந்தப் படத்தை அவன் மனக்கண்ணில் வரைந்துவிடுகிறான். கண்ணால் பார்ப்பது என்ற சொல்லையே எடுத்து, கற்பனையில் பார்ப்பதாக மாற்றிவிடுகிறான். அதற்கு மேல்தான் முழுப் பொய்கள் வருகின்றன. காசியோ தூக்கத்தில் டெஸ்டிமோனாவின் பெயரைச் சொல்லிப் புலம்பினான் என்று ஒன்று. அவளுடைய கைக்குட்டையால் தாடியைத் துடைத்ததைப் பார்த்தேன் என்று இன்னொன்று. அந்த நேரத்தில் கைக்குட்டை இயாகோவின் சட்டைப்பைக்குள் இருக்கிறது.

கேள்வி கேட்கிறவனுக்குப் பதில் தெரியாமல் இருக்க வேண்டும். ஒதெல்லோவுக்கு இப்போது எல்லாம் தெரியும். 4ஆம் அங்கத்தில் எமிலியாவைக் கூப்பிட்டு விசாரிக்கத்தான் செய்கிறான். அவர்கள் தனியாக இருந்ததைப் பார்த்தாயா, கிசுகிசுத்தார்களா, உன்னை வெளியே அனுப்பினார்களா? இல்லை, இல்லை, இல்லை என்று அவள் ஆன்மாவைப் பந்தயம் வைத்துச் சத்தியம் செய்கிறாள். விசாரணை முடிந்ததும் அவனுக்குத் தோன்றுவது: இவள் கெட்டிக்காரக் கூட்டுக்காரி. மறுப்பே சாட்சியாகிவிடும் நிலைக்கு வந்தவனிடம் காசியோ வந்து மறுத்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? கொலைக்கு முன் டெஸ்டிமோனாவும் நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறாள்: "அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்." அவன் செத்துவிட்டான், இயாகோ பார்த்துக்கொண்டான் என்று பதில் வருகிறது. அவள் அழுகிறாள். "என் கண் முன்னாலேயே அவனுக்காக அழுகிறாயா?" என்று கேட்டுக்கொண்டே தலையணையை எடுக்கிறான்.

இயாகோவின் பகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அவனே அளவுக்கு மிஞ்சிச் சொல்கிறான். பதவி கிடைக்கவில்லை என்கிறான். ஒதெல்லோவுக்கும் என் மனைவிக்கும் தொடர்பு என்று பேச்சு, உண்மையோ என்னவோ, சந்தேகத்தையே நிச்சயமாக எடுத்துக்கொள்வேன் என்கிறான். காசியோ மேலும் அதே சந்தேகம். டெஸ்டிமோனா மேல் தனக்கும் ஆசை என்று ஓரிடத்தில் சொல்லி, அங்கேயே விட்டுவிடுகிறான். ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜ், இது காரணமில்லாத குரோதம் காரணம் தேடி அலைவது என்று எழுதினார். புகழ்பெற்ற வாசகம்தான், ஆனால் எனக்கு முழுத் திருப்தி இல்லை. காசியோவைப் பற்றி இயாகோ பிறகு ஒரு வரி சொல்கிறான்: அவன் வாழ்க்கையில் தினமும் ஒரு அழகு இருக்கிறது, அது என்னை அசிங்கமாகக் காட்டுகிறது. வயிற்றெரிச்சலை இதைவிட நேராக யாரும் சொல்லிவிட முடியாது. நாடகத்தில் முதல் பொறாமைக்காரன் இயாகோதான். உறுதி செய்யாத சந்தேகத்தில் வெந்துகொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உள்ளிருந்து அறிந்தவன். தன் நோயைத்தான் ஒதெல்லோவுக்கு ஒட்ட வைக்கிறான். பொறாமை பச்சைக் கண் பூதம், எச்சரிக்கையாக இருங்கள் என்று அவனே சொல்வதும் அதனால்தான் அத்தனை துல்லியமாக இருக்கிறது.

ஷேக்ஸ்பியர் எடுத்தாண்ட மூலக்கதையில் இந்தச் சிக்கல் கிடையாது. ஜிரால்டி சிந்தியோ என்ற இத்தாலியர் 1565இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் உள்ளது அது. அங்கே கொடி அதிகாரி, டெஸ்டிமோனாவை விரும்பி, அவள் ஏறெடுத்தும் பார்க்காததால் பழிவாங்குகிறான். தெளிவான காரணம். ஷேக்ஸ்பியர் அதைக் கையில் எடுத்து, பெரும்பகுதியைக் கீழே போட்டுவிட்டார். இன்னொரு மாற்றமும் செய்தார், அது எனக்கு இதைவிட முக்கியம். மூலக்கதையில் கைக்குட்டையைத் திருடுவது அந்த அதிகாரியே. அவனுடைய மூன்று வயதுக் குழந்தையை டெஸ்டிமோனா தூக்கிக் கொஞ்சும்போது நைசாக உருவிவிடுகிறான். அவன் மனைவிக்குச் சதி முழுவதும் தெரியும், கணவனுக்குப் பயந்து பேசாமல் இருக்கிறாள். ஷேக்ஸ்பியர் கைக்குட்டையை மனைவியின் கையில் கொடுத்தார். சதியை அவளிடமிருந்து மறைத்தார். எமிலியா பிறந்தாள்.

அவளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் எரிச்சலுக்குச் சரியான இடம் அவள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தலை வலிக்கிறது என்ற கணவனுக்கு டெஸ்டிமோனா கைக்குட்டையைக் கட்டப் போகிறாள். "சின்னதாக இருக்கிறது, விடு" என்று அவன் தட்டிவிடுகிறான். அது கீழே விழுகிறது. கணவன் நூறு தடவை கேட்டானே என்று எமிலியா எடுத்துக் கொடுக்கிறாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. அதுவரை சரி. அடுத்த காட்சியில் டெஸ்டிமோனா, "கைக்குட்டையை எங்கே தொலைத்தேன், எமிலியா?" என்று கேட்கிறாள். "தெரியாதம்மா" என்கிறாள் எமிலியா. பிறகு ஒதெல்லோ வந்து, "கைக்குட்டை எங்கே? கைக்குட்டை!" என்று கத்தும்போதும் அவள் அங்கேதான் நிற்கிறாள். வாய் திறக்கவில்லை. மூன்று வார்த்தை போதும்: என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். கணவனைக் காட்டிக்கொடுக்கும் பழக்கம் இல்லை, விஷயம் எவ்வளவு பெரிது என்றும் தெரியவில்லை. இயாகோவின் வலையில் மிக மெல்லிய நூல் இதுதான், அது அறுபடவே இல்லை.

4ஆம் அங்கத்தில் அவள் உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறாள் பாருங்கள். பதவிக்காக எவனோ ஒரு அயோக்கியன் இந்த அவதூறைக் கட்டிவிட்டிருக்கிறான், இல்லையென்றால் என்னைத் தூக்கில் போடுங்கள் என்று கொதிக்கிறாள். அந்த அயோக்கியன் பக்கத்திலேயே நின்று, "அப்படி ஒருவன் இருக்கவே முடியாது" என்கிறான். உனக்கும் இப்படித்தான் எவனோ என்னையும் ஒதெல்லோவையும் சேர்த்துச் சொல்லிக் குழப்பினான் என்று அவள் அவனிடமே சொல்கிறாள். எல்லாத் துண்டுகளும் கையில் இருக்கின்றன. சேர்த்துப் பார்க்கத்தான் மனம் வரவில்லை.

கடைசியில் சேர்கிறது. டெஸ்டிமோனா சாகும்போதும், கொன்றது யார் என்றதற்கு "யாருமில்லை, நானேதான்" என்று கணவனைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறாள். ஒதெல்லோ, உன் கணவனுக்கு எல்லாம் தெரியும் என்கிறான். "என் கணவனா?" என்று கேட்கிறாள் எமிலியா. மறுபடி, "என் கணவனா?" ஒதெல்லோ எரிச்சலடையும்வரை அதையே கேட்கிறாள். அந்த ஒவ்வொரு 'கணவனா'விலும் ஒரு துண்டு போய் இன்னொன்றோடு பொருந்துவதை நல்ல நடிகை ஒருத்தி முகத்தில் காட்டிவிடுவாள். பிறகு கைக்குட்டை என்ற சொல் வருகிறது. இயாகோ கத்தியை உருவிக்கொண்டு, வீட்டுக்குப் போ என்கிறான். அவள் போகவில்லை. வானமும் மனிதரும் பிசாசுகளும் கூடி என்னைக் காறித் துப்பினாலும் பேசுவேன் என்கிறாள், பேசிவிடுகிறாள். இயாகோ அவளைக் குத்துகிறான். பெரும்பாலும் சொற்களாலேயே காரியத்தை நடத்திவந்தவன், தன் கையால் வெளிப்படையாக எல்லோர் கண் முன்னாலும் செய்த ஒரே கொலை அது. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒதெல்லோ கேட்கும்போது, "என்னை எதுவும் கேட்காதே, தெரிந்தது தெரிந்ததுதான், இனி ஒரு வார்த்தையும் பேசமாட்டேன்" என்று வாயை மூடிக்கொள்கிறான்.

குத்துப்பட்ட எமிலியா ஒன்று கேட்கிறாள்: "என் எஜமானியின் பக்கத்தில் என்னைக் கிடத்துங்கள்." யார் கிடத்தினார்கள் என்று நாடகத்தில் ஒரு குறிப்பும் இல்லை. ஒதெல்லோவும் தன்னைக் குத்திக்கொண்டு அந்தக் கட்டிலிலேயே விழுகிறான். கட்டிலில் இரண்டு உடலா மூன்று உடலா என்பது மேடையேற்றுபவரின் முடிவு. எமிலியாவைத் தரையிலேயே விட்டுவிட்டுக் கணவன் மனைவியை மட்டும் காட்டலாம். என் கையில் அந்த முடிவு இருந்தால் அவளைத் தூக்கிக் கட்டிலில்தான் கிடத்துவேன், டெஸ்டிமோனாவுக்கு ஒட்டினாற்போல.